குளக்கட்டு வட்டாரம்

“அப்ப அந்த எழுநூற்றுப் பன்னிரண்டு பேரும் இரவில எங்க படுக்கிறவை?”

“அங்கதான், சேர். குளக்கட்டில.”

“பாம்பு வராதோ?”

“வரும். வந்திட்டுப் போகும்.”

பிரதாபன் மடிக்கணினியை நிரோஜாவின் பக்கம் திருப்பினான். திரையில் ஈச்சந்தாழ்வுக் குளம் நீலமாகக் கிடந்தது. அதன் கிழக்குக் கரையில் இருநூற்று முப்பத்தாறு கறுப்புப் புள்ளிகள் ஒரே வரிசையில் நின்றன. ஒரு புள்ளி ஒரு குடும்பம்.

“நாலு மீற்றர் அகலம், அரைக் கிலோமீற்றர் நீளம்,” என்றான். “நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருசம், தங்கச்சி. இவ்வளவு ஒழுங்கா வாழுற சனத்தை நான் எங்கயும் காணேல்ல.”

சபைத் தேர்தலுக்கான வட்டார எல்லைகளை மறுபடி வகுக்கும் குழு பிரதாபனை இரண்டு கிழமைக்கு இந்தப் பிரதேச சபைக்கு அனுப்பியிருந்தது. தினமும் காலையில் நெளுக்குளத்திலிருந்து பஸ் ஏறி, கணினிப் பையைக் கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வருவான். அவனுக்கு உதவியாக இருந்த நிரோஜா சபையின் தற்காலிகத் தட்டச்சாளர். அன்று காலை உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் அவள் வேலைக்கு வந்திருந்தாள்.

உண்மை இதுதான். மூன்று மாதங்களுக்கு முன்பு, ஒவ்வொரு குடும்பமும் எங்கே வசிக்கிறது என்று போனில் பதிந்து வரும்படி அவளை அனுப்பினார்கள். வீட்டு வாசலில் நின்று கேள்விகளைக் கேட்டு, கடைசியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த இடம் வரைபடத்தில் ஏறிவிடும். ஆனால் அவளுடைய ஊரான கடைவாய்க்காலில் கவரேஜ் இல்லை. கவரேஜ் இல்லாவிட்டால் பொத்தான் சாம்பல் நிறமாகிப் படுத்துக்கொள்ளும். அங்கே யாராவது போனில் கதைக்க வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறுவார்கள். வெளிநாட்டு அழைப்பும் அங்கேதான், சாவுச் செய்தியும் அங்கேதான், காதலும் அங்கேதான். ஆகவே குடும்ப அட்டைகளோடு எல்லோரையும் கட்டுக்கு வரச் சொன்னாள். உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்து இறங்கி, இரண்டு நாள் வரிசையில் நின்று பதிந்துவிட்டுப் போனார்கள். அவள் வரிசை நெடுக நடந்து நடந்து பொத்தானை அழுத்தினாள். ஊரில் ஒருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. போன் வேலை என்றால் குளக்கட்டு, அவ்வளவுதான்.

கணினி மட்டும் அதை நம்பிவிட்டது.

“சேர், இந்தப் புள்ளியள் வந்து…” என்று தொடங்கினாள்.

“பொறுங்கோ, முக்கியமானதைச் சொல்லி முடிக்கிறன். இது பத்தாயிரம் படம் கீறிப் பார்க்கும். எல்லா வட்டாரத்திலயும் சனம் சமனா இருக்கோ, கிட்டக்கிட்ட இருக்கிற சனம் பிரியாமல் இருக்கோ எண்டு பார்த்து நியாயமானதை எடுக்கும். இதுக்குக் கட்சி தெரியாது. சாதி தெரியாது. சொந்தக்காரர் இல்லை. பத்தாயிரம் படத்திலயும் இந்தக் குளக்கட்டு தனி வட்டாரமா வந்திருக்கு. ஏழாம் வட்டாரம்.”

“தனி வட்டாரமோ?”

“தனி வட்டாரம். தனி உறுப்பினர். நீங்கள் என்னவோ சொல்ல வந்தனீங்கள்?”

நிரோஜா திரையைப் பார்த்தாள்.

“காத்து நல்லா வரும், சேர்,” என்றாள். “அதுதான் சனம் அங்க இருக்கினம்.”

கடைவாய்க்காலுக்கு ஒருநாளும் ஓர் உறுப்பினர் இருந்ததில்லை. குளத்திலிருந்து மூன்று வாய்க்கால்கள் புறப்பட்டு வயல்களுக்குள் போகின்றன. அவற்றின் மேற்புறத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றுக் குடியேறிய குடும்பங்கள் இருந்தன. மூன்று வாய்க்கால்களின் வால்களும் நெருங்கி வரும் அடிப்புறத்தில், மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஒரே ஊராக, ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்மும் நெருக்கத்தில் இருந்தன. வட்டாரங்களோ வெள்ளரிக்காயை நெடுக்காகப் பிளந்ததுபோல வாய்க்கால் வழியே பிரிந்திருந்தன. ஒவ்வொரு துண்டிலும் கடைவாய்க்கால் ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. நிரோஜாவின் அப்பா வீரையா மூன்று தரம் தேர்தலில் நின்று மூன்று தரமும் தோற்றார். பக்கத்து வளவில் இருந்த சொந்தத் தங்கையால்கூட அவருக்கு வாக்குப் போட முடியவில்லை, அவள் வேறு வட்டாரம். மூன்றாவது வாய்க்கால் ஊரின் விளிம்போடு போனது; ஊரின் ஒரே வீதி மற்ற இரண்டையும் கடந்து மூன்று வட்டாரங்களுக்குள்ளும் ஓடியதால், மூன்று உறுப்பினர்களும் அதை மற்ற இருவருடைய வீதி என்றார்கள். மாரியில் அந்த வீதியில் விரால் பிடிக்கலாம்.

அன்று பின்னேரம் விசயத்தைக் கேட்ட வீரையா, கையில் இருந்த மண்வெட்டியை மெதுவாகச் சுவரில் சாத்தினார்.

“அப்ப நாமெல்லாம் குளக்கட்டுலயா இருக்கோம்?”

“கொம்பியூட்டருக்கு அப்பிடி.”

“அது படிச்சது. நாம படிக்கல. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“நான் பிழை விட்டனான், அப்பா.”

“ஒன் வயசுக்கு நீ எத்தனையோ பிழை விட்டிருக்க, புள்ள. இது ஒண்ணுதான் உருப்படியானது.”

குசினிக்குள்ளிருந்து அம்மா கமலேஸ்வரியின் குரல் வந்தது. “மெம்பர் சம்சாரம் எங்கிட்டுச் சமைக்கிறது? தண்ணிக்குள்ளயா?”

புதிய வட்டாரங்களின் வரைபடம் சபை வாசலில் ஒட்டப்பட்ட மூன்றாம் நாள் அப்புத்துரை ஆட்சேபனைக் கடிதம் கொடுத்தார். அவர் மேற்புறத்துக்காரர், ஈச்சந்தாழ்வு விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவர். எப்போது எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பது என்று கூட்டம் கூட்டிச் சொல்பவர். குளக்கட்டில் ஒவ்வொரு கல்லையும் தெரிந்தவர். “மேற்படி கட்டில் இரண்டு உடும்புகளைத் தவிர நிரந்தரமாக எவரும் வசிப்பதில்லை,” என்று எழுதியிருந்தார்.

குழுவின் பதில் உடனே வந்தது. அடுத்த வியாழக்கிழமை பிரதாபன் நேரில் போய்ப் பார்ப்பான். தன் புள்ளியில் காணப்படும் குடும்பம் உறுதிப்படுத்தப்படும். காணப்படாத குடும்பம் அது உண்மையில் இருக்கும் இடத்துக்கு மாற்றப்படும்.

“ஒரு நாள்தானே,” என்றார் வீரையா. “ஒரு நாளு குடியிருந்தாப் போச்சு.”

ஊர் அரை மணித்தியாலத்தில் சம்மதித்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல் வந்தது. யார் எங்கே நின்றார்கள் என்பது போனில் மணி, நிமிடத்தோடு இருந்தது. ஆகவே அந்த வரிசையில்தான் வாழ வேண்டும், குடும்பத்துக்கு இரண்டு மீற்றர். நிரோஜா பெயர்களை வாசித்தாள். ஒன்பது வருடம் பேசாமலிருந்த இரண்டு சகோதரர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர் ஆனார்கள். வேலிக்காகச் சண்டை பிடித்தவர்களுக்கு இடையில் இப்போது வேலியே இல்லை.

“தங்கம்மா பெரியம்மா, உங்கட புள்ளி தண்ணிக்குள்ள இருக்கு.”

“எதுக்குள்ள?”

“தண்ணிக்குள்ள. கரையில இருந்து ஏழு மீற்றர். போன் கொஞ்சம் தள்ளிக் காட்டியிருக்கு.”

“நா மூணு தடவ அகதியாப் போனவ,” என்றாள் தங்கம்மா. “ஒரு தடவகூட என்னைத் தண்ணிக்குள்ள போடல. சரி, வள்ளம் ஒண்ணு கொண்டாந்து கட்டுங்க.”

வியாழக்கிழமை விடிந்தபோது ஈச்சந்தாழ்வுக் குளக்கட்டில் ஓர் ஊர் இருந்தது. அரைக் கிலோமீற்றர் நீளத்துக்கு அடுப்புகள் புகைந்தன. எல்லாப் புகையும் ஒரே பக்கம் சாய்ந்ததால், கட்டு மெதுவாக எங்கோ புறப்பட்டுப் போவதுபோல இருந்தது. கதிரைகள், பாய்கள், தொட்டில்கள், சாமிப் படங்கள், யாரோ ஒருவருடைய கண்ணாடி வைத்த அலுமாரி. அந்தக் கண்ணாடிக்குள் குளத்தின் மறுகரை நின்றது. கட்டில் குடியிருப்பது தடை என்ற அறிவிப்புப் பலகையின் மேல் கமலேஸ்வரி ஒரு சேலையைக் காயப்போட்டிருந்தாள். எட்டு மணியளவில் தபால்காரர் சைக்கிளில் வந்தார். வரிசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூன்று கடிதங்களைச் சரியான ஆட்களிடம் கொடுத்துவிட்டு, இனி இப்படியே இருந்தால் தனக்கு நல்லது என்று சொல்லிப் போனார்.

பிரதாபன் ஒன்பது மணிக்கு வந்தான். போனைக் கையில் நீட்டியபடி முதலாவது குடும்பத்தின் முன்னால் நின்றான். போனில் கறுப்புப் புள்ளி பச்சையாகியது. அவனுடைய முகத்தில், பரீட்சை மண்டபத்தில் தெரிந்த கேள்வி வந்தவனின் அமைதி பரவியது.

“எவ்வளவு காலமா இங்க இருக்கிறியள்?”

“ரொம்ப காலமா,” என்றார் அந்த வீட்டுக்காரர். கொஞ்சம் யோசித்து, “விடியக்காலையில இருந்து,” என்றும் சேர்த்துக்கொண்டார். பிரதாபன் அதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

பச்சை. பச்சை. பச்சை. ஒரு வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள், அடுத்த வீட்டில் அதற்கு முறுக்கு. இன்னொரு வீட்டில் கலியாண ஆல்பத்தைக் காட்டினார்கள். அவன் பொறுமையாக எல்லாப் பக்கங்களையும் பார்த்தான். தொண்ணூற்று நாலாவது புள்ளியில் போன் அவனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியது. அங்கே வள்ளத்தில், குடைக்குக் கீழே, தங்கம்மாவும் அவளுடைய குடும்பத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். தங்கம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்கள் இங்கயோ குடியிருக்கிறது?”

“ஆமாங்கய்யா. மீனு வாங்குற செலவு இல்ல.”

பச்சை.

அப்புத்துரை பன்னிரண்டு மணியளவில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். சிரிப்பதா, கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. வீரையா முப்பது வருடமாக அவருடைய வயலில் வரம்பு கட்டியவர். அப்புத்துரை வீரையாவின் இரண்டு மீற்றருக்கு முன்னால் வந்து நின்றார்.

“வீரையா, என்ன கூத்து இது?”

“குடியிருக்கோம், ஐயா. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. பிரதாபனிடம் திரும்பினார். “தம்பி, நான் வேற ஒண்டும் கேக்கேல்ல. இந்தச் சனத்திட்ட மலசலகூடம் எங்க எண்டு மட்டும் கேளுங்கோ.”

பிரதாபன் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்கத் தேவை இருக்கவில்லை. பதிவுப் படிவத்தில் பதினாலாவது கேள்வி மலசலகூடம் உண்டா என்பது. இருநூற்று முப்பத்தாறு குடும்பமும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அது உண்மையும்கூட. அவன் போனிலிருந்து தலையைத் தூக்கி, முதல் தடவையாகக் கட்டைப் பார்த்தான். ஒரு பக்கம் தண்ணீர். மற்றப் பக்கம் சரிவு. அதற்கு அப்பால், வயல்களின் கடைசியில், தகரக் கூரைகள் வெயிலில் மின்னின.

“அது ஆருடைய வீடுகள்?” என்று கேட்டான். “படத்தில அது வெறும் காணி.”

வள்ளத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது.

“எங்கட, சேர்,” என்றாள் நிரோஜா. “கவரேஜ் இஞ்சதான் இருக்கு. அதாலதான் எல்லாரையும் இஞ்ச கூப்பிட்டுப் பதிஞ்சனான். என்ர பிழை. ஆரையும் ஏமாத்த நினைச்சு அப்ப செய்யேல்ல. இண்டைக்குத்தான் ஏமாத்தினது.”

பிரதாபன் ஒரு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் கோபப்படவில்லை. உலகத்திலேயே ஒழுங்காக வாழ்ந்த சனம் கைவிட்டுப் போன துக்கம்தான் அவனுக்கு. தேத்தண்ணி கொடுத்த பெண்ணே மறுபடி ஒரு தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“சரி,” என்றான், குடித்து முடித்து. “உண்மையான வீடுகளைப் போடுவம். உண்மையான இடத்தைப் போட்டால் அது உண்மையான நியாயத்தைக் கீறும். நாலு மணிக்கு இந்தப் படம் பூட்டுப்பட்டிடும். பிறகு என்னாலயும் மாத்தேலாது.”

அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை வந்தது, அதில் மடிக்கணினி. சனம் திரும்பவும் வரிசையானது. ஒவ்வொருவராக வந்து, கட்டிலிருந்து கையை நீட்டி, தங்கள் கூரையைக் காட்டினார்கள். “அந்த வாழைக்கு இந்தப் பக்கம்.” “நீலத் தாங்கி இருக்கே, அது.” “நாய் படுத்திருக்கிறது தெரியுதுங்களா? தெரியலையா? அப்ப அது எந்திரிச்சுப் போயிருச்சு.” நிரோஜா புள்ளிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கொண்டுபோய் வைத்தாள். தங்கம்மா தண்ணீரிலிருந்து கரையேறினாள். திரையில் கட்டு மெல்ல மெல்ல வெறுமையாகி, வயல்களுக்கு அப்பால் ஒரு கறுப்புக் கூட்டம் சேர்ந்தது. மூன்று மணி தாண்டியபோது அது அச்சொட்டாக ஓர் ஊரைப்போல இருந்தது.

“பாத்தியா,” என்றார் வீரையா. “எவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கோம். இதப் பிரிக்க மனசு வருமா?”

பிரதாபன் விசையை அழுத்தினான். கணினி பத்தாயிரம் படம் கீறத் தொடங்கியது. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. அறுபது பேர் மேசையைச் சுற்றி நின்று, பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள். அப்புத்துரையும் பார்த்தார். யாரோ அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இப்போது அவர் அதில் இருந்தார்.

படம் வந்தது. கறுப்புக் கூட்டத்துக்கு ஊடாக இரண்டு கோடுகள், மேலிருந்து கீழே, நேராக இறங்கியிருந்தன. மூன்று துண்டுகள்.

“பத்தாயிரத்திலயுமோ, சேர்?”

“பத்தாயிரத்திலயும்.”

“கிட்டக்கிட்ட இருக்கிற சனத்தைப் பிரிக்காது எண்டனீங்கள்.”

பிரதாபனுக்கும் அது விளங்கவில்லை. விதிகள் இருந்த பக்கத்தைத் திறந்தான். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஏழாவதில் நின்றான்.

“எந்த வட்டாரமும் வாய்க்காலைக் கடக்கக்கூடாது,” என்று வாசித்தான். “இது இருக்கு. இதைத் தாண்டி அதால கீறேலாது.”

“கொம்பியூட்டர் தானா நெனச்சுதா அத?” என்றார் வீரையா.

“இல்லை ஐயா. அது ஒண்டும் நினைக்காது. கமக்கார அமைப்பு எழுத்தில தந்தது. நான்தான் போட்டனான்.”

அறுபது பேரும் கதிரையைப் பார்த்தார்கள்.

“நான் கள்ளத்தனமாக் குடுக்கேல்ல,” என்றார் அப்புத்துரை. “ஊரில உள்ள வழமையைக் கேட்டினம், எழுதிக் குடுத்தனான். எங்களுக்குத் தண்ணி வாய்க்காலால. கூட்டம் வாய்க்காலுக்கு ஒண்டு. செத்த வீட்டுக்குப் பந்தல் போடுற ஆக்களும் வாய்க்காலுக்கு வாய்க்கால் வேற. வட்டாரம் மட்டும் குறுக்கால போறதோ? இண்டைக்கு வட்டாரம் வாய்க்காலைக் கடந்தால் நாளைக்குத் தண்ணிப் பங்கையும் கடக்க வேணும் எண்டுவியள்.”

“எங்க வாலுக்குத் தண்ணி வந்து பதினோரு வருசமாச்சுங்க,” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். “அந்த வாய்க்கால்ல எம் பேத்தி பல்லாங்குழி விளையாடுறா.”

“தண்ணி வராட்டியும் வாய்க்கால் வாய்க்கால்தான்.”

“அப்ப நாங்க மூணு ஊருங்களா?”

அப்புத்துரை குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரோஜா பிரதாபனிடம் குனிந்தாள். “அந்த விதியை அழிச்சால் என்ன வரும், சேர்?”

“அழிச்சால்தான் தெரியும். சனத்தொகை சரியா வருது. மேல ரெண்டு வட்டாரம், கீழ ஒண்டு வரலாம். நான் நினைக்கிறன், வரும்.” மணியைப் பார்த்தான். மூன்று நாற்பது. “ஆனா நானா அழிக்கேலாது. விதி தந்தவை எழுத்தில வாபஸ் எடுக்க வேணும். ஒரு வரி போதும். தலைவர் கையெழுத்து.”

கணினிப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்து மேசையில் வைத்தான். காற்று தாளைத் தூக்கப் பார்த்தது. கமலேஸ்வரி ஓடிவந்து அதன்மேல் ஒரு கரண்டியை வைத்தாள்.

தாளை யார் எடுப்பது என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். கடைசியில் வீரையாதான் எடுத்தார். பேனையையும் எடுத்தார். மூன்று தேர்தல்களில் கை கூப்பி வீடு வீடாகப் போன மனிதர், இப்போது கை கூப்பவில்லை. தாள் பறக்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்புத்துரை இருந்த கதிரைக்கு முன்னால் போய், இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, நேருக்கு நேர் உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அவர் முன்னால் வீரையா உட்கார்ந்ததை யாரும் கண்டதில்லை. அப்புத்துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஐயா,” என்றார் வீரையா. “மேல ஒங்களுக்கு ரெண்டு இருக்கும். அது எங்கயும் போகாது. தண்ணியப் பத்தி நா இப்ப பேசல, அது வேற பேச்சு, அத வேற ஒரு நாளைக்குப் பேசுவோம். இன்னிக்கு இது மட்டும். வாய்க்காலத் தாண்டலாம்னு ஒரு வரி எழுதி, அடியில ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”